உள்ளே விட்ட துணி

மோர்ப்பண்ணையில் ஜாக்கெட் தைப்பவள் நான்.
வத்தைக்குத் தைத்ததில்லை.

வாடை முடிந்து கரையேற்றிய படகைச் சுற்றி
மூன்று நாளாய்ப் பஞ்சாயத்து.
கொழுந்தன் நம்புவேலுக்கு எஞ்சின் வேண்டும்.
இவருக்கு ஏராக்கட்டை மாற்ற வேண்டும்.
பங்காளி சாத்தையாவுக்கு ஜிபிஎஸ், நீலப் பெயிண்ட்,
அணியத்தில் மகள் பெயர்.
கையில் இருந்தது முப்பத்தெட்டாயிரம்.
அதில் பதினைந்து என் குழுக்கடன்.
அதனால் நானும் போய் மணலில் உட்கார்ந்தேன்.

தொண்டியில் சிக்கந்தர் கடை.
காடாத் துணி நனைந்தால் எருமைக் கனம்.
தார்ப்பாய் மலிவுதான், ஒரே சோளகத்தில் கிழிந்து
கொடியில் லுங்கி மாதிரிப் படபடக்கும்.
வெள்ளைப் பாலியஸ்டரை நகத்தால் கீறினேன்,
கிசுகிசுத்தது. மீட்டர் நூற்றெண்பது.
"ஆளைப் பத்திரமாக் கரை சேர்க்கும்க்கா" என்றார்.
"மொதல்ல வெலையக் கரை சேருங்க" என்றேன்.
நூற்றறுபத்தைந்து.

மாதிரிக்காகப் பழைய பாயை
மணலில் விரித்தபோதுதான் பார்த்தேன்,
அது தட்டையாய்க் கிடக்க மறுத்தது.
நடுவில் உப்பி, ஓரத்தில் சுருங்கி,
உள்ளே யாரோ படுத்திருக்கிற போர்வை போல.
அட, டாட் பிடித்திருக்கிறார்கள்!
காற்றுக்கும் உடம்பு உண்டு.

"எவ்வளவு உப்பல் வைக்க?" என்றேன்.
மூன்று பேரும் மூன்று திசை பார்த்தார்கள்.

டேப்போடு படகைச் சுற்றினேன்.
இருபத்தாறு வருஷ உடம்பு.
வங்கு இரண்டு தளர்ந்திருந்தது.
பாய்மரம் ஊன்றுகிற குழியின் இடுக்கில்
என் கட்டைவிரல் முழுசாய்ப் போனது.
புதுப்பாய் இழுக்கும். இழுத்தால்?

எங்கள் தெரு பாக்கியத்தம்மாள்
கல்யாணத்து அளவிலேயே இன்னும் தைக்கச் சொல்வாள்.
சரி என்பேன்.
சொல்லாமல் இரண்டு இஞ்சு கூட்டி வெட்டுவேன்.
கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு
கைராசிக்காரி என்பாள்.

படகுக்குக் குறைத்து வெட்டினேன்.
"ரெண்டு முழம் கம்மியா இருக்கே" என்றார் இவர்.
"மிச்சக் காசுல வங்க மாத்துங்க."
எஞ்சினைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.
நம்புவேல் தானாகக் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போனான்.
பெயிண்ட் ஒரு பக்கத்துக்குத்தான் வந்தது.
மறுபக்கம் கடலுக்குத் தெரிந்தால் போதும் என்றார் சாத்தையா,
எந்தப் பக்கம் எப்போது கடலைப் பார்க்கும் என்று யோசிக்காமல்.

மெஷினில் ஊசி நாலு முறிந்தது.
மூலைகளைக் கையால்தான் தைத்தேன்.
உள்ளங்கையில் ஊசியின் காது பதிந்து
குழம்பு பிசையும்போது எரிந்தது.

வெள்ளிக்கிழமை இறக்கினார்கள்.
பருமல் ஏறியது. முதலில் ஒரு சுருக்கம்,
ஐயோ என்றிருந்தது எனக்கு.
பிறகு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது காற்று.
கரையில் நின்ற எல்லாரும் படகைப் பார்த்தார்கள்.
நான் மேலிருந்து மூன்றாவது தையலைப் பார்த்தேன்.
பிடித்து நின்றது.

ஓர மடிப்புக்குள் நாலு விரல் துணி விட்டிருக்கிறேன்.
மூவருக்கும் தெரியாது.
ஏராவும் மாற்றி, குழியும் இறுகிய பிறகு
இன்னும் கொஞ்சம் இழுத்தால் தேவலையே என்று
யாராவது வந்து தலையைச் சொறிந்தால்
பிரித்துக் கொடுப்பேன்.
தையல்கூலி தனி.