நான்காவது பலகை

பாயான் லெப்பாஸில்
பெயர்ப்பலகையை இறக்க கிரேன் வந்திருக்கிறது.
இது நான்காவது.

முதலில் ஹால்பெக்.
எழுபத்து நான்கில் நூற்றுப் பத்துப் பெண்கள்
ரிலேக்களுக்குச் செம்புக்கம்பி சுற்றினோம்.
வலப்பக்கம் ரொக்காயா, இடப்பக்கம் ஆ மொய்.
பேசினால் ஐம்பது காசு பிடிப்பார்கள்.
பேசினோம்.

பிறகு ஹால்பெக்-ஓடன்.
என்னைச் சோதனை மேசைக்கு மாற்றினார்கள்.
ஷிப்டுக்கு நானூறு டெலிபோன், நானூறு ஹலோ.
மறுமுனையில் ஓர் இயந்திரம்;
ஒருநாள்கூட யார் என்று கேட்டதில்லை.
வீட்டுக்கு இணைப்புக் கேட்டுப் போட்ட மனு
ஆறு வருஷம் கிடந்தது.
வந்ததும் முதல் அழைப்பே கம்பெனியிலிருந்து:
"அஞ்சலாட்சி, நாளையிலிருந்து வர வேண்டாம்."
இரைச்சலே இல்லை, அவ்வளவு தெளிவு.
வேலையை நன்றாகத்தான் செய்திருக்கிறோம்.

பேஜர் காலத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள்.
அப்போது பெயர் மூன்றே எழுத்து;
விரிவு என்னவென்று மேனேஜர் கூவுக்கும் தெரியாது.

நான்காவதை ஏற்றியபோது நான்
கேட்டுக்கு வெளியே வந்துவிட்டேன்,
நாசி லெமாக் கடையோடு.

பலகை இறங்குகிறது.
சுவரெல்லாம் பழைய திருகு ஓட்டைகள்,
ஒன்றில் குருவி செருகிய வைக்கோல்.

கிரேன் ஓட்டும் வங்காளதேசத்துப் பையன்
என் பெஞ்சில் உட்கார்ந்து
போனில் அம்மாவைப் பார்த்தபடி சாப்பிடுகிறான்.
திடீரென்று திரையை என் பக்கம் திருப்புகிறான்.
வாய் பழக்கத்தில் ஹலோ என்கிறது.

"கே?" என்கிறாள் அந்த அம்மாள்.
யார் என்று கேட்கிறாளாம்.

சம்பல் கையைத் துடைத்துக்கொள்கிறேன்.