இரண்டு முதல் மூன்று வரை

சங்கிலி ஜெபத்தில் எனக்கு விழுந்தது
இரண்டு முதல் மூன்று.
யாரும் கேட்டு வாங்காத மணி.
டோல்கேட் பக்கம் அந்த நேரத்தில்
துறைமுக வாசலுக்கு வரிசை கட்டி
டிரெய்லர்கள் உறுமும்.
ஒரு வண்டி ஓரடி நகர்ந்தால்
எங்கள் தகரக் கூரை ஒருதரம் நடுங்கும்.

மிஸ்டு கால் வந்தது. ரூபாவதி அக்கா முடித்துவிட்டார்கள்.
முக்காடு போட்டுக் கோணிமேல் முழங்காலிட்டேன்.
வீட்டுக்காரர் புரண்டு படுத்தார்:
"மெதுவா பண்ணு, பாப்பா எழுந்துக்கும்."

யுத்தம் என்றுதான் பாஸ்டர் சொல்வார்.
சர்வாயுதம் தரித்து நில் என்பார்.
என்னிடம் இருப்பது
இறால் உரித்து வெடித்த பத்து விரல்,
நாற்பது பக்க நோட்டு ஒன்று.

கொடுங்கையூர் ஷீலாவின் கர்ப்பப்பைக் கட்டி.
மணலி கம்பெனியில் வேலை போன மூன்று பேர்.
சொல்யூஷன் முகரும் பையன்,
பெயர் போடவேண்டாம் என்றாள் அவன் அம்மா.
ஒவ்வொன்றிலும் சத்துருவைக் கட்டினேன்,
கடிந்தேன், காசிமேட்டுக் கடலில் தள்ளினேன்.
அது எனக்கு நன்றாக வரும்.
வியர்க்கும், குரல் ஏறும், நாக்கு தானே ஓடும்.

பக்கத்தைத் திருப்பினேன். கலைவாணி கையெழுத்து,
காற்றில் சாய்ந்த கொடிபோல்:
"என் வீட்டுக்காரர் தணிகாசலம், டிரைவர்.
கேஸ் தள்ளுபடி ஆகணும்."

தணிகாசலம்.
எஃப்ஐஆரில் படித்துப் படித்து மனப்பாடமான பெயர்.
இதே ரோட்டில், மூன்றாவது லைட் கம்பத்தருகே
என் தம்பி யாபேசின் சைக்கிளில்
மணியை மட்டும் மிச்சம் வைத்தவன்.
அவளுக்குத் தெரியாது. புது ஆத்துமா.
சபையில் என் பின்னால் உட்கார்ந்து
என் பாட்டுப் புத்தகத்தை எட்டிப் பார்ப்பவள்.

கட்டுகிறேன் என்று வாய் திறந்தேன்.
யாரை?

இத்தனை வருஷம் சாத்தானைத் தெருவில் தேடினேன்.
அவன் என் தொண்டைக்குள் பாய் விரித்திருந்தான்,
யாபேசின் சட்டையைப் போர்த்திக்கொண்டு.

ஆண்டவரே, உம்மிடம் பொய் சொல்லமாட்டேன்.
தள்ளுபடி ஆகட்டும் என்று கேட்கவில்லை.
ஆகக்கூடாது என்றும், இன்றைக்கு, கேட்கவில்லை.
இரண்டு நாற்பது. இரண்டு ஐம்பது.
கொசு கடித்தது, சொறியவில்லை.
அந்நிய பாஷை வரவில்லை.
தமிழும் வரவில்லை.
கடைசியில் ஒன்று வந்தது,
நெஞ்சுச்சளி மாதிரி, இழுத்துக்கொண்டு:
"அந்த ஆளு... தூங்கணும்."
அவ்வளவுதான்.
அவன் தூங்குகிறானா என்று
அதுவரை நான் யோசித்ததே இல்லை.

ஜெயித்தேனா, தெரியாது.
அல்லேலூயா என்று எழும்பவும் முடியவில்லை,
கால் மரத்திருந்தது.
மூன்று பதினொன்றுக்கு ஒபதியா அண்ணனுக்கு
மிஸ்டு கால் கொடுத்தேன்.
ஐஸ் கம்பெனி வாசலில் நாற்காலியைத் தள்ளிவிட்டு
அவர் இப்போது முழங்காலிடுவார்,
ஏன் லேட் என்று கேட்கமாட்டார்.

வெளியே வரிசை ஓரடி நகர்ந்தது.
கூரை நடுங்கியது.
நாளைக்கும் அந்தப் பக்கம் நோட்டில் இருக்கும்.
மடித்து வைத்திருக்கிறேன் முனையை.