தீமழைக்காரி

முதல் சுற்றுக்கூட முடியவில்லை.
துஷாரா பகடையை உருட்டினாள்,
ஒரு வாய்ச்சொல்.
மூன்று கிழமையாய் நான் கீறிய கோட்டை
சாம்பல்.

வாளை உருவியபடியே நின்ற நிதர்சன்
மிக்சரில் கடலையைப் பொறுக்கினான்:
"என்ர முறை எப்ப?"

மந்திரத்தைக் குறைத்தால்
அவள் முகம் கறுக்கும்.
வாளைக் கூர்மையாக்கினால்
எதிரி பெருக்க வேண்டும்,
பெருத்த எதிரிக்கு இன்னும் பெரிய மந்திரம்.
கடன் வாங்கி வட்டி கட்டுகிறவன்போல
விதிப்புத்தக ஓரமெல்லாம்
என் பென்சில்.

வெளியே ஸ்காபரோ, மைனஸ் இருபத்தாறு.
பதினொன்று பத்துக்கு
பேஸ்மென்ட் ஃபர்னஸ்
இரண்டு தரம் இருமி
நின்றது.

இடியும் தீமழையும் கைவசம் உள்ளவள்
ஜாக்கெட்டுக்குள் ஒடுங்கினாள்.
நிதர்சன் எழும்பினான்.
மூடியைக் கழற்றி
விரல்நீளக் கம்பியொன்றை உருவி
சட்டி தேய்க்கும் நாரால் தேய்த்தான்.
"லைற்றை இஞ்சால பிடி."
பிடித்தாள்.
நடுங்கிய வெளிச்சத்தில்
நீலமாய்ப் பற்றியது.

பகடை யாரும் உருட்டவில்லை.

அடுத்த கிழமைக் கோட்டையில்
ஒரு கதவு மட்டும் புதிதாய்க் கீறினேன்:
திறக்க ஒருவர்,
விளக்குப் பிடிக்க ஒருவர்.

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த துஷாரா
கேட்டாள்:
"இரும்போ? உருகுமோ?"