இரண்டு மதிப்பெண் வினா

சயான் பக்கம் லோக்கல் போகும் சத்தத்துக்கு
வாக்கியத்தை நடுவில் நிறுத்திப் பழகிவிட்டேன்.
தாராவி, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, ஏழாம் வகுப்பு,
ஐந்தாவது பீரியட், முப்பத்தைந்து நிமிடம்.
அதற்குள் போலந்தை வரைபடத்தில் காட்டி
அறுபது லட்சத்தைக் கரும்பலகையில் எழுதினேன்.
சைபர்களை எண்ணிப் பார்த்துவிட்டு
"மும்பையில எத்தனை பேரு மிஸ்?" என்றான் அபினேஷ்.
அழித்துவிட்டேன்.

கதைக்குப் போனேன்.
அட்டை கிழிந்த நூலகப் புத்தகம்.
ரெய்சல், யூதச் சிறுமி, பதினொரு வயது,
ரொட்டிக் கடைக்காரரின் பரணில்
மாவு மூட்டைகளுக்குப் பின்னால்.
இவர்கள் வாயில் அவள் ரேச்சல் ஆனாள்.
மூன்றாம் பெஞ்சில் ஏற்கெனவே ஒரு ரேச்சல் உண்டு;
முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

பரண் என்றால் மாளா, அவ்வளவுதான் விளக்கம்.
"எங்க மாளாவுல நாலு பேரு படுக்குறோம்.
அவ ஒருத்திக்கு ஒரு மாளாவா?"
சிரித்தார்கள். நானும்.
இதற்குச் சிரிக்கலாமா கூடாதா
பயிற்சிக் கையேட்டில் இல்லை.

பன்னிரண்டாம் பக்கம்:
பகலில் அவள் கீழே இறங்கக் கூடாது.
முப்பிடாதி கை தூக்கினாள்,
இந்த வருடத்தில் முதல் முறை.
"அப்போ ஒண்ணுக்கு?"
பையன்கள் சிரிக்கத் தொடங்கி
பெண்கள் வரிசையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.
அங்கே ஒருத்தியும் சிரிக்கவில்லை.
ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்காமல்
இருக்கத் தெரிந்தவர்கள்.
பொதுக் கழிப்பறைக்குப் போகும் சந்தில்
எந்த பல்பு எரியாது என்று தெரிந்தவர்கள்.
போலந்து எங்கே இருக்கிறதென்று
அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

"எங்க கதவுலயும் நம்பர் எழுதிட்டுப் போனாங்க மிஸ்"
என்றான் நாகூர் மீரான். சர்வேக்காரர்கள்.
அது வேறு, இது வேறு என்றேன்.
வேறுதான். இதில் நான் தடுமாறக் கூடாது.
ஒரு சாவுக்கு எடுத்த கோடித் துணியை
இன்னொரு வீட்டில் போர்த்தக் கூடாது.
"எது வரைக்கும் வேற?"
லோக்கல் வந்தது, நல்ல வேளை.

கதையில் ஒரு டீச்சர் வருகிறாள், ஒன்றரைப் பக்கம்.
கெட்டவள் இல்லை.
பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் கஷாயம் கொடுப்பவள்.
படிவம் கேட்டார்கள்;
மதம் என்ற கட்டத்தை நிரப்பிக் கொடுத்தாள்.
மறு வாரம் ஸ்கேல் வைத்து
வருகைப் பதிவேட்டில் ஒன்பது கோடு.
அந்தப் பக்கத்தை வேகமாக வாசித்தேன்.
என் மேஜையில் ஜெனரல் ரிஜிஸ்டர் திறந்து கிடந்தது.
நாற்பத்து மூன்று பெயர்,
மதம், சாதி, தாய்மொழி.
கையெழுத்து எனக்கும் அழகுதான் என்பார்கள்.

"இது நடந்த கதையா?" ஜெபசீலி.
ரெய்சல் நடக்கவில்லை.
பரண் நடந்தது. படிவம் நடந்தது.
ரயில் நடந்தது.
"அப்போ கடைசியில அவ செத்துட்டாளா?"
பிறக்காதவள் எப்படிச் சாவாள் என்று
தப்பிக்கப் பார்த்தேன்.
முகங்கள் விடவில்லை.
கடைசி அத்தியாயம் நாளைக்கு என்றேன்.
இரண்டு வாரமாக நாளைக்கு.

இன்று விடைத்தாள் கட்டு,
குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில்.
ரெய்சலை ஒளித்து வைத்தவர் யார்?
அவர் தொழில் என்ன?
இரண்டு மதிப்பெண்.
தாளுக்குத் தாள் ரொட்டிக் கடை,
ஒன்றில் மட்டும் வடா பாவ் கடை.
அதற்கு ஒன்றரை போட்டேன்.

முப்பிடாதி பெயரும் எழுதவில்லை, தொழிலும் எழுதவில்லை.
விடைக்குறிப்பின்படி தவறு.
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.
விசில் எத்தனை ஆனதென்று தெரியவில்லை.

'ராத்திரி ரெண்டரைக்கு வரிசை இருக்காது.
டார்ச் வேண்டாம், எனக்கு வழி தெரியும்.
நாய்க்கும் என்னைத் தெரியும்.
நான் அவளை எழுப்பிக் கூட்டிட்டுப் போவேன்.
உள்ளே தாழ்ப்பாள் கிடையாது.
அவ வர்ற வரைக்கும்
கதவைப் பிடிச்சுக்கிட்டு நான் வெளிய நிப்பேன்.'