வாய் தைத்த பை

கூடலூர் ஞாயிற்றுச் சந்தையில்
திருப்பூர் ரிஜெக்ட் மூட்டையை
அவிழ்த்துக் கொட்டுகிறான் ஷர்புதீன்.
மழை விடவில்லை.
தார்ப்பாயின் நடுவே தேங்கிய தண்ணீரைக்
குடைக்காம்பால் முட்டி முட்டி வெளியே தள்ளுகிறான்.
'நைட்டியெல்லாம் அந்தப் பக்கம், அக்கா.'

நான் இந்தப் பக்கமே நிற்கிறேன்.

எனக்கு வேண்டியது
மொய்துக்கா மில்லில் எட்டு மணி நேரம் தாங்குகிற துணி.
சில்வர் ஓக் பலகையை இடுப்போடு அணைத்துத் தூக்கினால்
சிலாம்பு உள்ளே வரக்கூடாது.
ஈரப் பட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற அட்டை
கணுக்காலோடு ஏமாந்து போக வேண்டும்.
கனத்த துணி இந்த மழையில் காய மூன்று நாளாகும், தெரியும்.
அடுப்புக்கு மேலே கயிறு கட்டிவிட்டேன்.
முக்கியமாக,
ஒரு விரல்கடை கூட எங்கும் தொங்கக்கூடாது.

போன ஆடியில்
பிலோமினாவின் துப்பட்டா நுனியைப்
பெல்ட் பிடித்துக்கொண்டது.
கழுத்துக்கும் சக்கரத்துக்கும் முக்கால் அடி.
அந்நேரம் பார்த்துக் கரன்ட் போனது.
மின்வாரியத்தைத் திட்டாத ஒரே ஆள்
எங்கள் மில்லில் அவள்தான்.

தீபாவளிக்கு முதலாளி எடுத்துத் தந்த யூனிபார்ம்
நல்ல நீலம்.
ரம்பத்துக்குச் சாணை பிடிக்கையில் பறந்த பொறி
பட்ட இடமெல்லாம் பாகாய் உருகித்
தோலில் ஒட்டியது.
அதற்குப் பிறகு நான்
துணியைக் கண்ணால் வாங்குவதில்லை.

ஓரத்தில் ஒரு நூல் உருவி
பக்கத்து டீக்கடை அடுப்பில் காட்டுகிறேன்.
உருண்டு முத்தானால் வேண்டாம்.
திரி மாதிரி எரிந்து சாம்பலாக வேண்டும்.
'கடையக் கொளுத்திராதக்கா' என்கிறான்.
தொடைத் தையலை இரண்டு கையாலும் இழுக்கிறேன்.
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறேன்.
இந்த மழைக்குள்ளும் ஊசிமலை தெரிந்தால்
கீழே போடுகிறேன்.

ஆறாவது கால்சட்டையில்
மலை தெரியவில்லை.

காக்கியுமில்லை சாம்பலுமில்லை,
நனைந்த யூக்கலிப்டஸ் பட்டையின் நிறம்.
மூன்று வரிசைத் தையல்.
தொடையோரம் சுத்தியல் மாட்ட ஒரு வளையம்.
எந்த தேசத்து மரம்வெட்டிக்கோ அளவெடுத்தது.
என்னைவிட ஒரு சாண் உயரம் அவன்,
வயிறு மட்டும் எனக்குச் சமம்.

ஏன் கழித்தார்கள் என்று
திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
வலதுபக்கப் பை
வாயே இல்லாமல் தைக்கப்பட்டிருக்கிறது.
ராத்திரி ஷிப்டு முடியப்போகிற நேரம்
யாரோ ஒருத்தி கண்ணசந்திருப்பாள்.
ஊசி அசரவில்லை.

'பிரிச்சுத் தரட்டா?'
'வேண்டாம்.'
திறந்த பையில் சாயங்காலத்துக்குள்
அரைப்படி மரத்தூள் சேரும் என்று
அவனுக்கு யார் சொல்வது?
நானூற்றைம்பது
இருநூற்றெண்பதுக்கு இறங்கியதே அந்தக் குறையால்தான்.
குறையாகவே இருக்கட்டும்.

ராத்திரி
இரண்டு காலிலும் ஒரு சாண் வெட்டி
வெட்டியதை முட்டிக்கு இரட்டையாக வைத்துத் தைத்தேன்.
கையூசி இரண்டு ஒடிந்தது.
மூன்றாவது கோணி ஊசி.
பாயில் புரண்டபடி 'எனக்கா?' என்றார் அவர்.
'உனக்கு இடுப்புல நிக்காது.'

திங்கள் காலை
மரக்குவியல் மேல் உட்கார்ந்திருந்தவர்கள்
விசிலடித்தார்கள்.
மொய்துக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
முட்டியைப் பார்த்தார், கணுக்காலைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் சுவிட்சைப் போட்டார்.

பத்தரை மணி டீக்குப்
பிலோமினா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
துணியைக் கிள்ளிப் பார்த்தாள்.
'காசு எங்க வைப்ப?'
ஜாக்கெட் இருக்கிறது.
தொடையோரம் பளிச்சென்று கிடந்த
நான்கு தையல் ஓட்டைகளைத் தடவினாள்.
'இங்க என்னமோ இருந்திருக்கு.'
'வளையம். வெட்டிட்டேன்.'
ஏன் என்று கேட்கவில்லை.
கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள்.
'எனக்கும் ஒண்ணு பாரு.
நீளம் கூட இருந்தாப் பரவால்ல,
முட்டிக்கு ஆகும்.'

எழுந்தவள்
துப்பட்டாவைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.
பெல்ட் ஓட ஆரம்பித்தது.