கடைசிச் சீட்டு

விடியற்காலை ஐந்தரைக்கு
புதுவயல் பள்ளிக்கூடத்து ஏழாம் வகுப்பில்
ஐம்பது பொய் ஓட்டுப் போட்டோம்.
ஏஜெண்டுகள் மாறி மாறி அமுக்கினார்கள்.
எல்லாச் சின்னத்துக்கும் கொஞ்சம் விழுந்தது.
எண்ணிக் காட்டினேன். அழித்தேன்.
யாருக்கும் ஒன்றுமில்லை.
அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் நாள் முழுக்கப்
பெயர், பாகம், வரிசை எண், மை.
மூன்று கட்சிக்கும் ஒரே கடையிலிருந்து பிரியாணி.
பஞ்சவர்ணத்தின் லெக்பீஸை எடுத்துக்கொண்டு
"கூட்டணி" என்றார் சாத்தையா. சிரித்தார்கள்.
போன வாரம் மேடையில்
ஒருத்தர் அப்பனை ஒருத்தர் இழுத்தவர்கள்.

ஆறு மணி.
வரிசையின் வாலிலிருந்து சீட்டுக் கொடுக்க வேண்டும்,
கடைசி ஆளுக்கு ஒன்றாம் எண்.
கடைசி ஆள் சேவுகன்.
தலையிலும் புருவத்திலும் தவிடு,
அரிசி ஆலையிலிருந்து நேரே வந்திருக்கிறான்.
பதினெட்டுப் பேருக்குப் பின்னால் நின்று
முக்கால் மணி நேரம் திட்டினான்.
"இவன் வந்தா ரோட்டத் திம்பான்,
அவன் வந்தா கம்மாயத் திம்பான்,
புதுசா வந்தவனுக்கு இன்னும் பல்லு முளைக்கல."
"மெதுவாய்யா" என்றார் போலீஸ்காரர்.
மெதுவாகத் திட்டினான்.

இடது கையை நீட்டினான்.
ஆள்காட்டி விரல் இல்லை.
ஆலை பெல்ட் இழுத்துக்கொண்டதாம்.
நிவாரணம் என்று மூன்று தேர்தலில் மூன்று கட்சி
மனு எழுதி வாங்கிப் போனதாம்.
கையேட்டில் இதற்கும் விதி இருக்கிறது:
நடுவிரலில் மை வைத்தேன்.

மறைப்புக்குள் நெடுநேரம் நின்றான்.
பீப்.
வெளியே வந்தவன் போகவில்லை.
"டீச்சர், பெட்டி எங்க போகும்?"
"காரைக்குடி."
"யாரு காவல்?"
"போலீஸ். சீல் மேல இவங்களும் கையெழுத்துப் போடுவாங்க."
ஏஜெண்டுகளை ஒரு சுற்றுப் பார்த்தான்.
"நீங்க போடுவீங்கள்ல?"

எழுநூற்று எண்பத்து மூன்று.
பதிவேடும் எந்திரமும் ஒன்றையே சொல்லின.
என் பேனாதான் எல்லார் கைக்கும் போனது.
நான் போட்ட கையெழுத்து
சம்பளப் பட்டியலில் போடுவதைவிடத்
தெளிவாக விழுந்தது.

பத்து மணிக்கு லாரி. மடியில் பெட்டி.
பின்னாலேயே ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி,
ஒற்றை விளக்கு, இருமல் சத்தம்.
ஸ்ரீராம் நகர் ரயில்வே கேட்டில் நாங்கள் நிற்க
அதுவும் நின்றது.
கேட் திறந்ததும்
எதற்கோ ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுத்
திரும்பிப் போனது.

என் தபால் ஓட்டு
மடித்தபடியே கைப்பையில் கிடந்தது.
எட்டு நாளாக,
எந்தச் சின்னத்தைப் பார்த்தாலும் கை வராமல்.

பேனாவைத் தேடினேன்.
அது சாத்தையாவோடு போயிருந்தது.