சாவிக்காரன் பார்த்த படம்

விளக்குப் போட்ட பிறகும்
ஒருவரும் எழுந்திருக்கவில்லை.
"யாருடா அது மேலே?" என்று
முன்வரிசையில் ஒருவன் கத்தினான்.
காரைக்குடித் தியேட்டரில் முந்நூறு பேர்
பக்கத்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டோம்.

இத்தனைக்கும் கொலைகாரன் பிடிபட்டாயிற்று.
பேரேடு எழுதிய கணக்கப்பிள்ளை.
வைரத்தோட்டுக்காக அல்ல,
பந்தியில் எழுப்பிவிட்ட ஒரு பழைய மத்தியானத்துக்காக.
இன்ஸ்பெக்டரம்மா வாசல் பூட்டில் அரக்கு வைத்து
ஜீப்பில் ஏறுகிறார். வீடு காலி.
செத்தவர், கொன்றவர், அழுதவர், பொய் சொன்னவர்
எல்லோரும் கணக்கில் வந்துவிட்டார்கள்.
கேமரா பின்னாலேயே நகர்ந்து தெருவைக் கடக்கிறது.
அப்போது மாடியில் மூன்றாவது சன்னல்
மெதுவாகச் சாத்துகிறது.

அவ்வளவுதான். பெயர்கள் ஓடின.
"நன்றி: சேவுகன், பள்ளத்தூர்" என்று என் பெயரும் ஓடியதாம்.
அடைக்கலம் தொடையில் தட்டினான்.
நான் பார்க்கவில்லை.

அது நான் சாவி வைத்திருக்கும் வீடு.
முதலாளி கோலாலம்பூரில்,
அறுபத்தொரு சாவியும் என் இடுப்பில்.
பதினெட்டு நாள் ஷூட்டிங்கில் மாடியை நான் திறந்துவிடவே இல்லை.
பலகை இற்றுக் கிடக்கு, விழுந்தால் யார் பதில் சொல்றது என்றேன்.
டைரக்டர் தம்பியும் சரியென்று கீழ்க்கட்டிலேயே
எல்லாரையும் கொன்று முடித்தார்.
பிறகு சாத்தியது யார்?

பரோட்டாக் கடையில் வழக்கு நடந்தது.
செத்தவன் சாகவே இல்லை என்றான் அடைக்கலம்.
இரட்டைப் பிள்ளைங்க, முதல் பாதியில்
ரெண்டு தொட்டில் காட்டினானே என்றார் கல்லுக்காரர்.
பார்சலுக்கு நின்ற நர்ஸம்மா
படமே பார்க்காமல், "காத்தா இருக்கும்" என்றது.
காற்று அவ்வளவு மெதுவாகச் சாத்தாது.

உதவி டைரக்டருக்குப் போன் போட்டேன்.
"அதை நீங்கதாண்ணே சொல்லணும்"
என்று சிரித்து வைத்துவிட்டான்.

இரவு ஒரு மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்தேன்.
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு,
அதைக் கண்டுபிடிக்கவே படத்தில் போலீசுக்கு
முக்கால் மணி நேரம் ஆனது.
மாடியெங்கும் வௌவால் எச்சம். என் தடம் தவிர
தூசியில் வேறு தடமில்லை.
மூன்றாவது சன்னலின் தாழ்ப்பாள் துருவேறி ஒட்டிக் கிடந்தது.
தேங்காயெண்ணெய் விட்டு
டார்ச்சின் அடியால் நாலு தட்டுத் தட்டினேன்.
திறந்தது.
கீழே ஒரு நாய். விளக்கணைத்த ஓர் ஆட்டோ.
ஐம்பத்திரண்டு வயதில் என்ன இது என்று
வெட்கப்பட்டு
மெதுவாகச் சாத்தினேன்.

காலையில் அடைக்கலம் வந்தான், முகம் வெளுத்திருந்தது.
தூக்கம் வராமல் வீட்டைப் பார்க்கப் போனானாம்.
"கண்ணால பார்த்தேன்யா, சன்னல் சாத்துச்சு."
சிரிப்பை அடக்கிக்கொண்டு
நான்தான்யா என்று சொல்ல வாயெடுத்தேன்.
"நாலாவது சன்னல்" என்றான்.

மூணாவது என்றேன்.
நாலு என்றான், பிள்ளை மேல் சத்தியமாக.
நீ வெளியே நின்று இடமிருந்து எண்ணினாய்,
உள்ளே நின்றால் அது வலம், அதனால்
என்று ஆரம்பித்து
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

மாடியில் மொத்தம் ஏழு சன்னல்.
நாலாவது
எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நாலாவதுதான்.